ஹவுளுக்குச் செய்த கல்

என் மாமா செய்த சிற்பங்களுக்கு ஒரு காலவரிசைப் பட்டியல் வேண்டும் என்று சென்ற வருடம் கேட்டார்கள். கண்டியில் அவருடைய வேலைகளை ஒரே மண்டபத்தில் வைத்துக் காட்டுவதற்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. மாமாவுக்குத் திகதிகள் நினைவில் நிற்பதில்லை. ஒரு வேலை எப்போது முடிந்தது என்று கேட்டால், "அந்தப் பெரிய மழைக்கு முந்தி" என்பார், அல்லது "கடவாய்ப் பல் கழட்டின வருசம்" என்பார். ஆகவே பழைய கடிதங்கள், புகைப்படங்களின் பின்பக்கக் குறிப்புகள், வந்துபோன லொறிகளின் பற்றுத்துண்டுகள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவைத்து, நான்தான் அதைச் செய்து கொடுத்தேன்.

பட்டியலில் மூன்று தலைப்புகள்: மரம், கல், உலோகம். மரத்துக்கு இரண்டு பக்கம் போயிற்று. உலோகத்துக்கு ஐந்து. கல்லின் கீழ் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது.

இந்த ஒற்றை வரிக்கு வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு காரணம் எழுதியிருக்கிறார்கள். கல் தூசி மாமாவின் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்கிறது ஒரு குறிப்பு. எங்கள் பக்கத்து வெள்ளைக் கல் கரடுமுரடானது, நுணுக்க வேலைக்கு உதவாது என்கிறது இன்னொன்று. மாமா இவற்றை எல்லாம் வாசித்துவிட்டு மடித்து வைத்துவிடுவார். திருத்தச் சொல்லி யாருக்கும் எழுதியதில்லை. உண்மையான காரணத்துக்குப் பட்டியலில் இடமில்லை. அதில் எனக்கு ஒரு பங்கு உண்டு. அப்போது எனக்கு ஒன்பது வயது.

மாமா என் உம்மாவின் மூத்த சகோதரர். ஒரு பாடசாலையில் மரவேலை படிப்பித்துக்கொண்டு அம்பிட்டியவில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டில். அதற்குள்தான் முதலில் கதவு நிலைகளும், பிறகு பள்ளிவாசல் ஒன்றின் பிரசங்க மேடையான மிம்பருக்குப் படிகளும், அதன் பிறகு எதற்கும் உதவாத, ஆனால் பார்த்தவர்கள் தடவிப் பார்க்காமல் போகாத சில மரத் துண்டுகளும் உருவாகின. மரம், இலக்கம் ஏழு என்று நான் குறித்திருப்பது அவற்றில் ஒன்று. ஓர் ஆள் உயரப் பலகையில் அலை அலையாக இறங்கும் வெட்டு. ஒரு போட்டியில் முதற்பரிசு பெற்றது. 'பழைய முதிரைப் பலகை' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அந்தப் பலகை எங்கிருந்து வந்தது என்பதை எழுதவில்லை.

அது மாமியின் அலுமாரியிலிருந்து வந்தது. மாமி கம்பளைக்காரி. கல்யாணத்தின்போது அங்கிருந்து லொறியில் வந்த அலுமாரி அது. இரண்டு பக்கமும் ஒட்டில்லாத ஒற்றைப் பலகை. மாமி தங்கையின் கல்யாண வேலைக்காக நான்கு நாள் கம்பளைக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது அவருடைய உடுப்புகள் எல்லாம் நான்கு பிஸ்கட் பெட்டிகளில் ஒழுங்காக மடித்து அடுக்கப்பட்டிருந்தன. "ஒரு துணிகூடக் கசங்கல்ல, பாருங்க" என்றாராம் மாமா. இதைச் சொல்லிச் சொல்லி எங்கள் வீட்டில் சிரித்திருக்கிறார்கள். மாமியும் சிரித்தார் என்றுதான் சொல்கிறார்கள். பிறகு ஏழெட்டு மாதம் அந்தப் பிஸ்கட் பெட்டிகளிலிருந்தே உடுத்தினார். மாமா இரும்பு அலுமாரி ஒன்று வாங்கி வந்து வைத்த வாரத்தில் கம்பளைக்குப் போனவர், திரும்பி வரவில்லை.

யாரும் தலாக் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. மாமி அவருடைய மூத்த சகோதரரான நானாவின் வீட்டில் இருந்தார், மாமா அம்பிட்டியவில் இருந்தார். எங்கள் வீட்டில் 'கம்பளை மாமி' என்று பேச்சு எழுந்தால், உம்மா உடனே வேறு கதைக்கு மாறுவார். ஆனால் ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் உம்மா கொஞ்ச நேரம் அதிகமாகக் கையேந்தி இருந்தது இதற்காகத்தான் என்பது எனக்கே தெரிந்திருந்தது.

இனிக் கல்.

என் வாப்பாவுக்குத் திகனவுக்கு அப்பால் ஒரு சுண்ணாம்புச் சூளை இருந்தது. வீடும் அதை ஒட்டித்தான். மலையில் உடைத்த வெள்ளைக் கல் லொறியில் வந்து முற்றத்தில் கொட்டும். அதைத் தேங்காய் அளவுக்கு உடைத்து, விறகோடு மாறி மாறி அடுக்கி எரிப்பார்கள். வாப்பாவுக்குக் கல் என்றால் இன்னும் வேகாத சுண்ணாம்பு, வேறெதுவுமில்லை. ஒரு நாள் லொறியிலிருந்து ஒரு பெரிய பாறை இறங்கியது. அன்று தற்செயலாக வந்திருந்த மாமா சின்னச் சுத்தியலால் அதை நாலு பக்கமும் தட்டிப் பார்த்தார். பிறகு காதை வைத்துத் தட்டினார். "மச்சான், இத உடைக்க வாணாம்" என்றார். வாப்பா தலையாட்டினார். அது முற்றத்தின் மூலையில் ஒரு வருடம் சும்மா கிடந்தது. ஆடுகள் அதன் நிழலில் படுக்கும்.

பிறகு ஒரு பள்ளிவாசலிலிருந்து மூன்று பேர் வாப்பாவிடம் சுண்ணாம்பு பேச வந்தார்கள். பள்ளிவாசலின் பெயர் இங்கே தேவையில்லை. அவர்கள் புதிதாக ஹவுள் கட்டிக்கொண்டிருந்தார்கள். தொழுகைக்கு முன் வுழூ எடுப்பதற்கான தொட்டிதான் ஹவுள். சுற்றிவரத் தாழ்வான கல் ஆசனங்கள் இருக்கும். அதில் உட்கார்ந்து முகம், கை, கால் கழுவுவார்கள். தொட்டியின் நடுவில் ஏதாவது அழகாக, மேலிருந்து தண்ணீர் வழிகிற மாதிரி வைக்க வேண்டும் என்பது சபைத் தலைவரான ஹாஜியாரின் ஆசை. மாமாவின் மிம்பரை அவர் எங்கோ பார்த்திருந்தார். மூலையில் கிடந்த பாறையையும் பார்த்தார். பேச்சு முடிந்தது.

இரண்டு நிபந்தனைகள். நோன்பு மாதம் தொடங்குமுன் கல் இடத்தில் இருக்க வேண்டும் என்பது ஒன்று. அது கடிதத்தில் இருக்கிறது. கடிதம் என்னிடம் இருக்கிறது. எந்த உயிரின் உருவமும் இருக்கக்கூடாது என்பது மற்றது. அதை யாரும் எழுதவில்லை, வாயால் சொல்லவுமில்லை. பள்ளிவாசலுக்குச் செய்கிற ஒருவருக்கு அதைப் போய் யார் சொல்வார்கள்?

மாமா பாடசாலை வேலையை விட்டுவிட்டு வந்தார். இது எங்கள் குடும்பத்தில் பெரிய விஷயம். இந்தக் கல் நல்லபடி முடிந்தால் அடுத்து இரண்டு பள்ளிவாசல்கள் காத்திருந்தன. முடியாவிட்டால் திரும்பவும் கதவு நிலைதான். இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று உம்மாவின் மனதில் இருந்தது. நாலு பேர் மதிக்கிற இடத்தில் மாமாவின் வேலை உட்கார்ந்துவிட்டால், பெருநாள் முடிந்ததும் வாப்பா கம்பளைக்குப் போய் மாமியின் நானாவிடம் தலை நிமிர்ந்து பேசலாம். உம்மா இதை என்னிடம் சொல்லவில்லை. சமையலறையில் வாப்பாவிடம் சொல்லும்போது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

எட்டு மாதம் வேலை நடந்தது. பாறையை அம்பிட்டிய மேட்டுக்கு ஏற்ற முடியாது என்பதால் மாமா தினமும் பஸ்ஸில் எங்கள் முற்றத்துக்கு வந்தார். முதலில் முனை உளி, பிறகு பல் வைத்த உளி, பிறகு தட்டை உளி. கடைசி இரண்டு மாதமும் தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்த்ததுதான். மத்தியானம் சோறு தின்ன வரும்போது புருவம் வரை வெள்ளையாக இருப்பார். கல் கொஞ்சம் கொஞ்சமாக வழவழப்பாகி, ஒரு பக்கமாகச் சரிந்து, முன்னால் ஒரு குழிவோடு நின்றது. தண்ணீர் மேலிருந்து இறங்கி அந்தக் குழியில் ஒரு கணம் தங்கி, பிறகு தொட்டியில் விழும். வெயிலில் சீனிக் கட்டிபோல மினுங்கும். சூளையில் கல்லுடைக்கிறவர்கள்கூட வேலை முடிந்து போகும்போது அதை ஒருமுறை தடவிவிட்டுப் போவார்கள்.

சபையார் பார்க்க வந்த நாளுக்கு ஒரு புகைப்படம் இருக்கிறது. மூலையில் செம்மஞ்சள் எழுத்தில் திகதியும் இருக்கிறது. ஆனால் வாப்பாவின் அந்தக் கமராவில் யாரும் நாளைச் சரி செய்து வைத்ததே இல்லை. அதை நம்பினால் எங்கள் குடும்பத்தில் மூன்று கல்யாணங்கள் மணப்பெண் பிறக்குமுன்பே நடந்திருக்க வேண்டும். ஆகவே வேறு வழியில் கணக்கிட்டேன். எங்கள் பாடசாலை நோன்பு விடுமுறைக்கு மூடுவதற்கு முந்திய வாரம் எனக்குப் பரீட்சை. அந்தப் பரீட்சைக்கு முந்திய சனிக்கிழமைதான் அது. காலையில் குர்ஆன் ஓதல் முடித்து வந்து, முக்காட்டைக்கூடக் கழற்றாமல் முற்றத்துக்கு ஓடினேன்.

மூன்று பேரும் வெள்ளைச் சாரம், வெள்ளைத் தொப்பி. கல்லைச் சுற்றி நடந்தார்கள். மாமா வாளியில் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். தண்ணீர் சொன்னபடி கேட்டது. ஹாஜியார், "மாஷா அல்லாஹ்" என்று இரண்டு தரம் சொன்னார். வாப்பா படம் பிடித்தார். நான் கல்லுக்கு முன்னால் கவிழ்த்திருந்த ஒரு பெயிண்ட் வாளியில் உட்கார்ந்திருந்தேன்.

பெரியவர்கள் சந்தோஷமாக இருக்கும்போது வருகிற விளையாட்டுப் பேச்சு தொடங்கியது. இது எதைப்போல இருக்கிறது என்று ஒருவர் கேட்டார்.

"மலை போல" என்றார் ஒருவர்.

"எனக்கென்னண்டா பெரிய பேரீத்தங் கொட்டை போல" என்றார் மற்றவர். "நோன்பு காலத்துக்குப் பொருத்தம்தானே."

எல்லோரும் சிரித்தார்கள். ஹாஜியார் என் பக்கம் திரும்பினார். "மகள், நீங்க சொல்லுங்க பாப்பம். இது எதப் போல ஈக்குது?"

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு பெரிய ஆட்களுக்கு இது தெரியவில்லையே என்பதுதான் என் ஆச்சரியம். வகுப்பில் யாருக்கும் தெரியாத விடை எனக்கு மட்டும் தெரிந்த மாதிரி எழுந்து நின்று சொன்னேன்.

"மாமி வுழூ எடுக்கிறாங்க."

"எந்த மாமி?"

"கம்பளை மாமி. நிண்டு பாத்தா தெரியாது. இதுல உக்காந்து பாருங்க." வாளியை அவருக்கு விட்டுக்கொடுத்தேன். பெரியவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

மாமியின் இடது தோள் வலதை விடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். சிறு வயதில் விழுந்து எலும்பு முறிந்து, கொஞ்சம் கீழே பொருந்திவிட்டதாம். அம்பிட்டிய வீட்டின் பின்பக்கக் குழாயடியில் ஒரு பலகையில் குந்தியிருந்து, முக்காட்டைத் தோளில் சரிய விட்டு, முன்னால் குனிந்து இரண்டு கையிலும் தண்ணீர் ஏந்துவார். அந்தத் தோள், அந்தக் குனிவு, அந்தக் கைக்குழி எல்லாம் கல்லில் இருந்தன. நின்று பார்த்தால் பாறை. உட்கார்ந்து பார்த்தால் மாமி. ஹவுளில் எல்லோரும் உட்கார்ந்துதான் வுழூ எடுப்பார்கள்.

ஒவ்வொருவராக வாளியில் உட்கார்ந்தார்கள். பேரீத்தங் கொட்டை என்றவர் உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்துவிட்டார். மலை என்று சொன்னவருக்குத் தெரியவில்லை. "எங்க? எனக்கு ஒண்டும் விளங்கல்லையே."

"தலய இந்தப் பக்கம் சாயுங்க" என்றேன்.

"ஆ" என்றார்.

ஹாஜியார்தான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். எழும்போது மாமாவின் முகத்தைப் பார்க்காமல் சாரத்தில் ஒட்டிய தூசியைத் தட்டினார்.

"நான் இத உருவம் எண்டு சொல்ல வரல்ல. இது கல்லு. அஞ்சு நிமிசத்துக்கு முந்தி வரைக்கும் எனக்கும் கல்லாத்தான் ஈந்திச்சு. ஆனா இனி விடிய சுபஹுத் தொழுகைக்கு நான் வுழூ எடுக்கக் குந்தினா, எனக்கு முன்னால ஒரு பொம்புள குந்தி ஈப்பா. அதுவும் இன்னொருத்தர்ட பொஞ்சாதி."

மாமா வந்து வாளியில் உட்கார்ந்தார். எட்டு மாதமும் நின்றுகொண்டே வேலை செய்தவர் அவர். கல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாப்பா இருமினார்.

"அப்பிடி இல்ல எண்டு நீங்க ஒரு வார்த்த சொன்னா எங்களுக்குப் போதும்" என்றார் ஹாஜியார்.

"நான் அப்பிடி நினைச்சு வெட்டல்ல" என்றார் மாமா. பிறகு, "ஆனா, அவதான்" என்றார்.

தோள் பக்கத்தைக் கொஞ்சம் எடுத்துவிட்டால் போதும், அடுத்த சனிக்கிழமை வந்து பார்க்கிறோம் என்று ஹாஜியார் வழி சொன்னார். மாமா, "ஏலாது" என்றார். வாப்பாதான் அவசரமாகக் குறுக்கே வந்து, "எடுப்பார் ஹாஜியார், எடுப்பார்" என்று அவர்களை வாசல் வரை கூட்டிப்போனார். உம்மா என்னை வீட்டுக்குள் இழுத்துக் கையில் கிள்ளினார். சரியான விடை சொன்னதற்கு யாரும் என்னை அதுவரை கிள்ளியதில்லை.

ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் மாமா வந்தார். உளியைத் தொடவில்லை. வாப்பா பொறுமையாகத்தான் பேசிப் பார்த்தார். "மச்சான், கல்லுல ஈக்கிற பொஞ்சாதிக்காக ஒரு வேலய விட்டா, கம்பளையில ஈக்கிற பொஞ்சாதி என்ன நினைப்பா?"

"அவ என்ன நினைப்பா எண்டு எனக்கு எப்பவும் தெரிஞ்சதில்ல" என்றார் மாமா.

புதன்கிழமை மாமி வந்தார்.

பேரீத்தங் கொட்டை என்று சொன்னவரின் மகளைக் கம்பளையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமியின் நானா வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. சனிக்கிழமை இங்கே நடந்தது ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தது. புதன்கிழமை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அன்று கணக்குப் பரீட்சை. விடைத்தாளின் மேல் மூலையில் நாள் இருக்கிறது. நான் வீட்டுக்கு வந்தபோது பின்னேரம் இரண்டு மணி இருக்கும். மாமி குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றார். தனியாக வந்திருந்தார். உம்மா ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து அழுதார். மாமி அழவில்லை. கதிரை போட்டும் உட்காரவில்லை.

"எங்க அந்தக் கல்லு?"

முற்றத்துக்குப் போய், அதே வாளியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். மாமா பரீட்சை மண்டபத்தில் நிற்கிற பிள்ளையைப் போல் தள்ளி நின்றார்.

"அலுமாரிய எடுத்தீங்க. சரி. இப்ப என்னயும் எடுத்திட்டீங்க. இனிக் கம்பளையில என்ன மிச்சம்? எங்க வாப்பாட வீட்டு முன்கதவா?"

மாமா ஓர் எட்டு முன்னால் வந்தார். "தோள் சரியா வந்தீக்குதா?" என்று கேட்டார்.

மாமி அவரை நிமிர்ந்து பார்த்தார். "தோள் சரி. அதுதானே பிரச்சின. எடுங்க."

"நல்லா வந்தீக்குது. அத எப்பிடி..."

"எனக்கும் கண் ஈக்குது. எடுங்க. ஆம்புளைகள் கால் கழுவுற இடத்துல காலம் பூரா நான் குந்தி ஈக்கணுமா?"

மாமா உளியை எடுத்தார்.

அடுத்த இரண்டு மணித்தியாலம் எங்கள் முற்றத்தில் நடந்ததை நான் இஞ்சிப் பிளேன்டீ கொண்டுபோய்க் கொடுக்கிற சாட்டில் முழுவதும் பார்த்தேன். மாமி வாளியில் இருந்தபடியே சொல்லச் சொல்ல, மாமா கல்லிலிருந்து மாமியை எடுத்தார். தோள் முதலில் போயிற்று. மாமி தலையைச் சாய்த்துப் பார்த்து, "இன்னும் ஈக்கிறேன்" என்றார்.

"எங்க?"

"கழுத்துக்குக் கீழ."

"அது கழுத்தில்ல, கல்லுட மடிப்பு."

"என்ட கழுத்து எனக்குத் தெரியாதா? கண்ணாடியே இல்லாம வெச்சிருந்தீங்க எட்டு மாசம், அதுக்காக?"

மாமா சிரித்துவிட்டார். அலுமாரிக் கதவில்தான் கண்ணாடி இருந்தது. மாமியும் சிரித்தார். தூசி பறந்து மாமியின் முக்காடும் வெள்ளையாயிற்று. கல்யாணம் முடித்த காலத்தில்கூட அவர்கள் இருவரும் இவ்வளவு நேரம் பேசி யாரும் கேட்டதில்லை என்று உம்மா பிறகு சொன்னார். அப்போது யன்னலருகே வந்து பார்த்துவிட்டுப் போய், வாப்பாவிடம், "பேசுறாங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு இராச் சோற்றுக்கு இன்னொரு சுண்டு அரிசி அளந்து போட்டார். என் அறையில் புதுப் படுக்கை விரிப்பும் விரித்தார்.

பின்னேரத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொன்னதும் வேலை நின்றது. மாமி முற்றத்துக் குழாயடியில் குந்தி வுழூ எடுத்தார். தோள் சரிந்தது, முக்காடு சரிந்தது, கை குழிந்தது. மாமா உளியோடு நின்று மாமியைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், மறுபடி மாமியைப் பார்த்தார். எங்கே இன்னும் எடுக்க வேண்டும் என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கியது. தொழுதுவிட்டு வந்து கைக்குழியையும் எடுத்தார். தண்ணீர் இனித் தங்காமல் நேராக விழும்.

கடைசியில் மாமி என்னைக் கூப்பிட்டார். வாளியிலிருந்து எழுந்து எனக்கு இடம் விட்டார்.

"மகள், நீங்கதானே முதல்ல கண்டது. இப்ப சொல்லுங்க. நான் ஈக்கிறேனா?"

மறுபடியும் ஒரு கேள்வி. இந்த முறை அவசரப்படக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன். கிள்ளிய இடம் இன்னும் கன்றியிருந்தது. நேராகப் பார்த்தேன். தலையை இந்தப் பக்கம் சாய்த்தேன், அந்தப் பக்கம் சாய்த்தேன். அங்கே ஒரு கல் இருந்தது.

"இல்ல மாமி."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"இல்ல."

"கொஞ்சங்கூடவா?"

என் மேல் நம்பிக்கை இல்லாமல்தான் கேட்கிறார் என்று எண்ணினேன். சனிக்கிழமை வருகிறவர்களுக்குச் சந்தேகமே வரக்கூடாதல்லவா? ஆகவே பலமாகச் சொன்னேன். "மாமி இதுல இல்லவே இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மாமா. உளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார். "முடிஞ்சுது." அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் அதுவரை கண்டதில்லை. மாமி கல்லைப் பார்க்கவில்லை. அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

சனிக்கிழமை சபையார் வந்தார்கள். மூவரும் வாளியில் உட்கார்ந்து எழுந்து, திருப்தியாகப் போனார்கள். நோன்புக்கு நான்கு நாள் முந்தி கல் ஹவுளின் நடுவில் நின்றது, இன்றும் நிற்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு, மாமியின் பக்கத்திலிருந்து கேட்டபடி, பிரிவு எழுதப்பட்டது. காத்திருந்த இரண்டு பள்ளிவாசல்களுக்கும் மாமா கல் செய்யவில்லை. அடுத்த வருடம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை கழித்துப் போட்ட செப்புக் குழாய்களை வாங்கி வந்து உருக்கி ஒட்டப் பழகினார். உலோகம், இலக்கம் ஒன்று அதிலிருந்து தொடங்குகிறது. ஏன் கல்லை விட்டீர்கள் என்று நான் ஒரே ஒரு தரம் கேட்டிருக்கிறேன். "கல்லுல எடுத்தத திருப்பி வைக்க ஏலாது" என்றார். "செம்புண்டா வெட்டினாலும் ஒட்டலாம்."

புதன்கிழமை பின்னேரம் இவை எதுவும் எனக்குத் தெரியாது. மாமா வாளியில் தண்ணீர் பிடித்து, வெட்டின இடத்தைத் தேய்க்கத் தொடங்கிவிட்டிருந்தார். குனிந்தால் நிமிராத வேலை அது. மாமி முக்காட்டைத் தட்டிச் சரிசெய்து, குடையை எடுத்துக்கொண்டு, நாலரை பஸ்ஸுக்குப் போவதாகச் சொன்னார். உம்மா சோற்றுக் கரண்டியோடு வெளியே வந்து, "இப்பயா? சோறு ஆக்கீட்டேனே" என்றார். மாமி அவருடைய கையைப் பிடித்து அழுத்திவிட்டு நடந்தார். படலை வரை நான் கூடப் போனேன். அங்கே நின்று என் கன்னத்தைத் தொட்டார். கையில் கல் தூசி.

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்க மகள்" என்றார். "எனக்குத் தெரியும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நோன்பு விடுமுறை முழுவதும் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம், கம்பளை மாமி என்னைப் பற்றி இப்படிச் சொன்னார் என்று சொல்லித் திரிந்தேன். ஒவ்வொரு முறையும் உம்மா பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு அடுப்படிக்கு எழும்பிப் போவார். அங்கே அடுப்பில் எதுவும் இருக்காது. நோன்பு நேரத்துப் பகலில் அங்கே போய் அப்படி என்ன செய்கிறார் என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு.